அண்ணன் வீட்டுச் சுவரும் தம்பியின் இருமலும்

பேண்டு செட்டில் அவருக்குத் தம்கட்டி என்று பெயர். சாக்ஸபோனை வாயில் வைத்தால் பாட்டின் கடைசிச் சுரத்தை லேசில் விடமாட்டார். டிரம்காரரின் கை ஓய்ந்து, டிரம்பெட்காரர் உதட்டைத் துடைத்துக்கொண்டு, மண்டபத்தில் பாதிப் பேர் சாப்பாட்டுக்கு எழுந்த பிறகும் அந்த ஒரு சுரம் மட்டும் இறங்காமல் நின்றுகொண்டிருக்கும். "விடுய்யா, மாப்பிள்ளைக்குப் பசிக்குதாம்" என்று பேண்டு மாஸ்டர் தோளைத் தட்டினால்தான் இறக்குவார். இறக்கிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி மூக்கைச் சொறிந்துகொள்வார்.

ஆனால் யாராவது "என்ன வேலை பாக்கறீங்க" என்று கேட்டால் சாக்ஸபோனைப் பற்றி வாயே திறக்கமாட்டார். "பஸ் பணிமனையில ஸ்டோர்ல இருக்கேன்" என்பார். சம்பளம் வரும் வேலை அதுதான். பிரேக் லைனிங், ஃபேன் பெல்ட், ஹெட்லைட் பல்பு என்று கேட்டு வருகிறவர்களுக்குக் கம்பிவலைச் சன்னல் வழியாக எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஊதுவது ஆசைக்கு. ஆசைக்குச் செய்வதை வேலை என்று சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சம். அந்தக் கூச்சம் தன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

குடியிருந்தது அண்ணன் வீட்டில். அப்பா விட்டுப்போன மனையில் அண்ணன் எழுப்பிய வீடு. அண்ணன் பிளம்பர். அந்த வட்டாரத்தில் யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் முதலில் அவரைத்தான் தேடி வருவார்கள். மாடியில் அண்ணன், அண்ணி, அவர்கள் மகள். கீழே தம்கட்டியும் அவர் மனைவியும். இவர்களுக்குப் பிள்ளை இல்லை என்பதால் அண்ணன் மகள் பாதி நேரம் கீழேதான் கிடப்பாள். மாலையில் சித்தப்பா ஊதிப் பழகும்போது எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து, எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்று கண்கொட்டாமல் பார்ப்பாள்.

"உன் கல்யாணத்துல சித்தப்பா பிடிக்கிற தம்முல மாப்பிள்ளை மயங்கி விழணும், பாரு" என்பார்.

"அப்புறம் நான் யாரைக் கட்டிக்கிறது?" என்பாள் அவள்.

பழகி முடித்ததும் சாக்ஸபோனை மடியில் போட்டு மெத்தென்ற துணியால் துடைக்க ஆரம்பிப்பார். ஒவ்வொரு விசையாக, ஒவ்வொரு வளைவாக, முகம் தெரியும் வரைக்கும். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்ப்பாள். "இத்தனை வருஷத்துல என் முகத்தை ஒரு தடவை இப்படித் துடைச்சிருப்பீங்களா?"

"உன் முகந்தான் தானாவே மினுக்குதே."

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சலில்ல" என்று உள்ளே போய்விடுவாள். அவர் வாத்தியத்தைப் பெட்டியில் படுக்கவைத்து, மூடி, கட்டிலுக்கடியில் தள்ளுவார்.

ஒரு மழைக்காலத்தின் கடைசியில் இருமல் வந்தது. வறட்டு இருமல். சளி வராது, நெஞ்சைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும். படுத்துக் கொஞ்ச நேரத்தில் குளிர் எடுக்கும், காய்ச்சல் ஏறும், கைகாலெல்லாம் முறித்துப் போட்டதுபோல் வலிக்கும். விடிந்து, குளித்து, பணிமனைக்குப் போய் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது காய்ச்சல் இருந்த இடம் தெரியாது. மறுநாள் மறுபடி வரும். தெருமுனை டாக்டர் மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். இன்னொருவர் காசநோயாக இருக்கலாம் என்று சோதித்து, இல்லை என்று அனுப்பினார். மூன்றாமவர் "என்ன வேலை?" என்று கேட்டு, பணிமனை என்றதும், "டீசல் புகைதான்" என்று முடித்துக்கொண்டார். இதற்குள் சட்டைகள் தொளதொளக்க ஆரம்பித்திருந்தன. மாடிக்குப் போய் அண்ணியிடம் கொத்தமல்லி வாங்கி வருவதற்குள் மூச்சு இரைத்தது.

அப்போதுதான் ஒருநாள் மனைவி, கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த இரும்பு பீரோவை நகர்த்தினாள். ஏதோ தோடு உருண்டு போய்விட்டதாம். பின்னால் இருந்த சுவர் ஆள் உயரத்துக்குக் கறுத்துக் கிடந்தது. கரி பூசியது போலச் சில இடம், பச்சையாகப் பஞ்சு ஒட்டியது போலச் சில இடம். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. தெருமுனை டாக்டரிடம் போய்ச் சொன்னபோது அவர் பேனாவை வைத்துவிட்டு, "இந்தச் சுவத்தோரமாவா படுக்கறீங்க? பூசணம்ங்க அது. நெஞ்சுக்குள்ள போனா சும்மா இருக்குமா?" என்றார்.

வியாதிக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது. இத்தனை நாள் எதனால், எதனால் என்று தவித்த மனைவிக்கு அது ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது.

அண்ணன் கேட்டதும் கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். சுத்தியலும் உளியுமாக உட்கார்ந்து சுவரை உடைத்தார். உள்ளே போன குழாயின் ஒரு இணைப்பில் முத்து முத்தாக நீர் கசிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது. தன் கையால் போட்ட இணைப்பு. "நாலு நாள் எங்கயாவது போய் இருங்க. முழுசா மாத்திடறேன்" என்றார்.

தம்கட்டியும் மனைவியும் அவள் அக்கா வீட்டுக்குப் போனார்கள். நாலு நாள் என்று போனது பதினைந்து நாளானது. துணிமணி ஒரு பையோடு சரி, சாக்ஸபோனை யார் தூக்கிக்கொண்டு போவது. அங்கே மூன்றாம் நாளே காய்ச்சல் நின்றது. ஒரு வாரத்தில் இருமல் அடங்கியது. இரண்டு கை சோறு கூடுதலாகச் சாப்பிட்டார். அக்கா, "எங்க வீட்டுக் காத்து அப்படி" என்று பெருமைப்பட்டுக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது சுவர் புதுப் பூச்சோடு, புது வண்ணத்தோடு இருந்தது. அண்ணன் ஈரம் ஏறாத பூச்சு என்று எதையோ தேடி வாங்கி அடித்திருந்தார். அன்று மாலை தம்கட்டி ஆசை தீர ஒரு மணி நேரம் ஊதினார். பொழுது விடிவதற்குள் காய்ச்சல். ஒரு வாரத்தில் எல்லாம் பழையபடி.

இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும். அக்கா வீட்டில் நன்றாக இருந்தவர் இங்கே வந்ததும் படுக்கிறார். "சுவத்துக்குப் பவுடர் போட்டா ஆச்சா? உள்ளே இருக்கறது உள்ளேதான் இருக்கு" என்று மனைவி மாடிக்குக் கேட்கும்படி சொன்னாள். அண்ணன் இறங்கி வந்து, தன் கையால் பூசிய புதுப் பூச்சைத் தானே மறுபடி உடைத்தார். குழாய் நெடுக விரலால் தடவிக் காட்டினார்.

"பாரு, எலும்பு மாதிரிக் காய்ஞ்சு கிடக்கு. சுத்தமா ஒழுகல."

கட்டிலில் உட்கார்ந்திருந்த தம்கட்டி, "பைப் காய்ஞ்சிருக்கு. என் நெஞ்சு காயலையே" என்றார்.

"அதுக்கு நான் என்னடா பண்ணட்டும்? சொல்லு, பண்றேன். மொத்தச் சுவத்தையும் இடிக்கணுமா?"

"ஊர்ல உள்ள ஒழுகலையெல்லாம் அடைக்கிறவர் வீட்டுல இப்படி" என்று மனைவி ஆரம்பித்தாள்.

"நீ கொஞ்சம் சும்மா இருடி" என்று வாசலிலிருந்து அண்ணி சொன்னார்.

"அவ ஏன் சும்மா இருக்கணும்?" என்றார் தம்கட்டி. அவர் அப்படிக் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பாதி கோபம், பாதி காய்ச்சல். "நீங்க மாடியில நல்லா மூச்சு விட்டுக்கிட்டு இருங்க. நாங்க கீழ கிடந்து சாகறோம். உங்களுக்கு மேல, எங்களுக்குக் கீழனு அன்னைக்கே யோசிச்சுத்தானே பிரிச்சீங்க?"

வீடு முடிந்தபோது கீழ்த்தளத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் அவரேதான். மாடியில் ஊதினால் தெருவுக்கே கேட்கும் என்று. அது அண்ணனுக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும், சொன்ன வாய்க்கும் தெரியும். அண்ணன் உளியை எடுத்துப் பையில் போட்டார். உடைந்த காரையைக் கையாலேயே அள்ளி ஓரமாகக் குவித்தார். மாடிக்குப் போய்விட்டார்.

அந்த மாதமே வேறு வீடு பார்த்துக் கிளம்பினார்கள். நாலைந்து தெரு தள்ளி, இரண்டாவது மாடி, இரண்டு பக்கமும் சன்னல், வெயில் நேராக வந்து விழும் அறைகள். சாமான் ஏற்றும்போது சாக்ஸபோனைத் தட்டிமுட்டி வைத்துவிடப்போகிறார்கள் என்று பேண்டு மாஸ்டர் வீட்டில் கொடுத்து வைத்திருந்தார். பிறகு அவர் வெளியூர் போய்விட, திரும்பி வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு மாதமும் தம்கட்டிக்கு உடம்பு பஞ்சாகப் பறந்தது. இரண்டு மாடி ஏறினார். பணிமனையில், பேருந்தில், கடையில் என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். "வீட்டை விட்டு வந்தேன், உயிர் பிழைச்சேன்." மனைவி இதையே இன்னும் விரிவாகச் சொன்னாள். சுவரின் நிறம், வாசனை, பஞ்சு பஞ்சாக இருந்த விதம், எல்லாம் சேர்த்து. பிளம்பரின் சொந்த வீட்டிலேயே குழாய் ஒழுகித் தம்பிக்கு நெஞ்சு போய்விட்டது என்று கேட்ட பிறகு யார் அவரைக் கூப்பிடுவார்கள். கீழ்த்தளத்துக்கு வாடகைக்கு வந்த ஒரு குடும்பம் தெருவில் யாரோ சொன்னதைக் கேட்டு முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனது. இதெல்லாம் தம்கட்டியின் காதுக்கு வந்தது. அப்போது அவர் வருத்தப்படவில்லை. படட்டும் என்றுதான் நினைத்தார்.

சாக்ஸபோன் வீட்டுக்கு வந்தது. இருமலும் வந்தது.

இப்போது யாரைக் குறை சொல்வது? சுவர் நாலைந்து தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மனைவி யோசித்து விடை கண்டுபிடித்தாள். "அந்த வீட்டுப் பூசணம் சாமானோட கூடவே வந்துடுச்சு." மெத்தை போயிற்று. தலையணைகள் போயின. அந்தச் சுவரோடு சாய்ந்து நின்ற பாவத்துக்குக் கல்யாணத்துக்கு வாங்கிய பீரோ பழைய இரும்புக் கடைக்குப் போனது. போர்வைகளை வெந்நீரில் கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்து நூலாக்கினாள். தரையைத் தினமும் இரண்டு வேளை துடைத்தாள். வெளியே எறிந்தவை அத்தனையும் சுத்தமானவை. எறியவேண்டிய ஒன்று மட்டும் மினுமினுவென்று கட்டிலுக்கடியில் பத்திரமாக இருந்தது.

இப்படியே நாலு வருடம் போயிற்று. சில மாதம் பரவாயில்லை, சில மாதம் படுக்கை. மூச்சு முடியாமல் ஊதாமல் விட்ட நாட்களில் தேறுவார். தேறியதும் ஊதுவார். ஊதினால்தான் நெஞ்சு விரியும், அதுதான் தனக்கு வைத்தியம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. நல்ல மூச்சுப் பயிற்சி என்று தெருமுனை டாக்டர்கூட ஒருமுறை வாய்தவறிச் சொல்லியிருந்தார். பேண்டில் கடைசிச் சுரத்தை இப்போது டிரம்பெட்காரர் வாங்கி முடித்தார்.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அழைக்க அண்ணி மட்டும் வந்தார். உள்ளே வந்து உட்காரவில்லை. கதவருகில் நின்று பத்திரிகையைக் கொடுத்து, "குழந்தை சித்தப்பா வருவாரானு கேட்டுக்கிட்டே இருக்கா" என்றார்.

"அண்ணன் வரலையா?"

"அவருக்கு முட்டிவலி, மாடி ஏற முடியல."

பிளம்பருக்கு முட்டிவலி வருவது உலகத்தில் இல்லாததா. ஆனால் தம்கட்டி அதை நம்பவில்லை. தன் வாயால் அழைக்காத அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதில்லை என்று முடிவுகட்டிக்கொண்டார். "உடம்பு நல்லா இருந்தா வர்றோம்" என்று மட்டும் சொன்னார்.

கல்யாணத்துக்கு அவருடைய பேண்டு செட்தான் வாசித்தது. சாக்ஸபோனுக்கு வேறு யாரையோ வைத்துக்கொண்டார்கள். அன்று மாலை தம்கட்டி கதவைச் சாத்திக்கொண்டு, அண்ணன் மகளுக்காக எப்போதோ சேர்த்து வைத்திருந்த பாட்டுகளையெல்லாம் ஒன்று விடாமல் ஊதினார். மனைவி சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கடைசிச் சுரத்தில் அவர் தம் கட்டிப் பார்த்தார். பாதியில் அறுந்து இருமலானது. விட்டுவிட்டு மறுபடி ஊதினார். மறுபடி அறுந்தது. பொழுது விடியும்போது உதடு நீலம் பாய்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் உதவியோடு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே நுரையீரல் டாக்டர் ஒரு நடுவயதுப் பெண்மணி. படங்களை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு எல்லோரும் கேட்டதைத்தான் கேட்டார். வேலை, வீடு, புகை, பறவை வளர்ப்பு. தம்கட்டி மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு பணிமனை என்றார். மனைவி சுவரைப் பற்றிச் சொன்னாள். நாலு வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை, தடங்கலில்லாமல் வந்தது.

"அந்த வீட்டை விட்டு நாலு வருஷமாச்சு. இன்னும் ஏன் வருது?" என்று டாக்டர் கேட்டார். "எப்போ அதிகமாகும்? யோசிச்சுச் சொல்லுங்க."

"அப்படினு இல்லீங்க. ஞாயித்துக்கிழமை வந்தா கொஞ்சம் கூட இருக்கும்."

"ஏன் ஞாயித்துக்கிழமை? சனிக்கிழமை என்ன செய்வார்?"

"சனிக்கிழமை கச்சேரிக்குப் போவார்."

"கேட்கவா?"

"இல்லீங்க, வாசிக்க. சாக்ஸபோன் ஊதுவார்."

டாக்டர் தம்கட்டியின் பக்கம் திரும்பினார். "இதை ஏன் சொல்லல நீங்க?"

"அது வேலை இல்லீங்களே" என்றார் அவர்.

"எத்தனை வருஷமா ஊதறீங்க? உள்ளே எதால சுத்தம் பண்ணுவீங்க?"

உள்ளே என்றால் அவருக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. வாத்தியத்தை அவருக்கு விற்ற பழைய வித்வான், உள்ளே துணியோ நீரோ காட்டாதீர்கள், குரல் போய்விடும் என்று சொல்லியிருந்தார். அவரும் காட்டியதில்லை. ஊதி முடித்ததும் ஒரு தட்டுத் தட்டி எச்சில் ஈரத்தைச் சொட்டவிட்டு, மேலே துடைத்து, மூடி வைப்பதுதான்.

மறுநாள் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள். வார்டில் திறக்கவேண்டாம் என்று டாக்டர் தடுத்து, ஆய்வுக்கூடத்தின் கடைசி மேசைக்கு எடுத்துப் போகச் சொன்னார். தம்கட்டியைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார்கள். உள்ளே முகமூடி போட்ட ஒருவர் வளைந்த கழுத்துப் பகுதியைக் கழற்றி, நீளக் குச்சியில் சுற்றிய பஞ்சை உள்ளே விட்டு இழுத்தார். வெள்ளையாகப் போன பஞ்சு கறுப்பும் பச்சையுமாக வந்தது. இன்னொரு பஞ்சு. அதுவும். பெட்டியின் பட்டுத் துணியைக் கிளப்பியபோது அடியில் அதே நிறம் படர்ந்திருந்தது. பீரோவுக்குப் பின்னால் பார்த்த அதே நிறம்.

கதவு திறந்தபோது வாசனை வந்தது. நனைந்த செருப்பை மூடி வைத்த மாதிரி. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அவர் முகத்தில் அடித்த வாசனைதான். இத்தனை வருடமாகச் சங்கீதத்தின் வாசனை என்று அதை நினைத்திருந்தார்.

டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இது தொற்றுநோய் இல்லை. பூஞ்சையின் பொடி உள்ளே போகப் போக, சில பேருடைய நுரையீரல் அதன்மேல் கோபித்துக்கொள்ளப் பழகிவிடும். ஊதிச் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல் வருவது அந்தக் கோபம். விலகி இருந்தால் தணியும். வருடக்கணக்காக விலகாமல் இருந்தால் உள்ளே தழும்பு விழுந்துவிடும்.

"வீக்கத்தை மாத்திரையில குறைக்கலாம். தழும்பு போகாது. இருக்கிற மூச்சைக் காப்பாத்திக்கணும், அவ்வளவுதான். மூணு, நாலு வருஷம் முன்னாடி வந்திருந்தா" என்றவர் வாக்கியத்தை முடிக்காமல் மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

"அப்போ சுவர் காரணமில்லையா டாக்டர்?" என்று மனைவி கேட்டாள்.

"அதுவும் நல்லது பண்ணியிருக்காது. அதுல ஒரு பங்கு இருந்திருக்கலாம். இவ்வளவுனு பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா தினமும் வாய்வச்சு உள்ளே இழுத்தது இதைத்தான்."

அன்றிரவு அவர் கட்டிலிலும் அவள் கீழே பாயிலும் விழித்துக் கிடந்தார்கள். எறிந்த பீரோ, கொதிக்கவைத்த போர்வைகள், தெருவெல்லாம் சொன்ன கதை, எல்லாம் அவரவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். விடிந்து காப்பி கொடுக்கும்போது மனைவி, "நான்தான் அதிகமா பேசினேன்" என்றாள். "நீ பேசினே. நான் நம்பிச் சொன்னேன்" என்றார் அவர்.

மாத்திரையில் முகம் உப்பியது, பசி எடுத்தது, காய்ச்சல் நின்றது. வீடு திரும்பி, பத்தடிக்கு ஒருமுறை நிற்காமல் நடக்க முடிந்ததும், இருவரும் அண்ணனைப் பார்க்கக் கிளம்பினார்கள். அண்ணன் வீட்டை விற்றிருந்தார். வேலையும் வரவில்லை, வாடகைக்கு ஆளும் வரவில்லை, கல்யாணச் செலவும் சேர்ந்துகொண்டது. அண்ணனும் அண்ணியும் இப்போது மகள் வீட்டில்.

கதவைத் திறந்தவள் மகள்தான். உப்பிய முகத்தைப் பார்த்து ஒரு கணம் அடையாளம் தெரியாமல் நின்றாள். பிறகு, "வாங்க சித்தப்பா" என்று வழிவிட்டாள். அண்ணன் சமையலறையில் குனிந்து, கழுவுதொட்டிக்கு அடியில் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். எழுந்திருக்க மேடையைப் பிடித்துக்கொண்டார். முட்டிவலி நிஜமாகவே இருந்தது.

தம்கட்டி உட்கார்ந்து, மூச்சு வாங்கி வாங்கி, எல்லாவற்றையும் சொன்னார். பஞ்சின் நிறத்தைக்கூட விடவில்லை. அண்ணன் கையிலிருந்த ஸ்பானரைத் துணியால் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ சுவர் இல்ல."

"சுவரும் கொஞ்சம் இருக்கலாம்னு சொல்றாங்க. ஆனா..."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"அதைப் பிரிச்சுச் சொல்ல முடியாதாம்ண்ணே."

அண்ணன் தலையாட்டினார். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். "நீங்க போனப்புறம் நான் அந்த ரூம்லதான் படுத்தேன். அதே இடத்துல. ஒரு மழைக்காலம் பூரா."

தம்கட்டி நிமிர்ந்து பார்த்தார்.

"சுவரோட ஒட்டிக்கிட்டுப் படுத்தேன். எனக்கு ஒரு தும்மல்கூட வரல. இவகிட்ட சொன்னேன், அவனுக்கு வேற எதுவோ இருக்கு, வேற டாக்டரைப் பார்க்கச் சொல்லணும்னு."

"நான் போய்ச் சொல்லுங்கனு சொன்னேன்" என்றார் அண்ணி. "கையைப் பிடிச்சு இழுத்தேன். வரல."

"வந்திருக்கணும்" என்றார் அண்ணன். "சொன்னா என் பைப்பைக் காப்பாத்திக்கிறதுக்காகப் பேசறேன்னு நீ நினைப்பேனு இருந்தது. அவன் படட்டும்னும் கொஞ்சம் இருந்தது. இல்லேனு சொல்லமாட்டேன்."

நாலு வருடத்துக்கு முன்பு இந்த மனிதர் மாடி ஏறி வந்து இதைச் சொல்லியிருந்தால் தான் கேட்டிருப்போமா என்று தம்கட்டி நினைத்துப் பார்த்தார். கேட்டிருக்கமாட்டார். கதவைச் சாத்தியிருப்பார். ஆனாலும் அண்ணன் வந்திருக்கலாம். தானும் கல்யாணத்துக்குப் போயிருக்கலாம், போயிருந்தால் அன்று தனியாக உட்கார்ந்து ஊதியிருக்கமாட்டார். இந்த இருக்கலாம்களை அடுக்கிக்கொண்டே போனால் எங்கும் போய் முடிவதில்லை என்று அவருக்கு இப்போது தெரியும். தெரிந்தும் இன்றைக்கு வரை அடுக்குகிறார்.

சாக்ஸபோனை ஒரு பழுதுபார்ப்பவர் துண்டு துண்டாகக் கழற்றி, மருந்துநீரில் ஊறவைத்து, தோல் மூடிகளையெல்லாம் மாற்றிக் கொடுத்தார். பெட்டியை எரித்துவிட்டார்கள். கழுவி உலர்த்தி வைத்தால் கொஞ்சம் ஊதலாம் என்று சில மாதம் கழித்து டாக்டர் அனுமதித்தார். ஒருமுறை ஊதினார். குரல் போகவில்லை, முன்னைவிடத் தெளிவாகவே இருந்தது. மூச்சுதான் நாலு சுரம் தாங்கவில்லை. பேண்டு மாஸ்டரிடம் கொடுத்துவிட்டார். கூடவே, எல்லோருடைய வாத்தியத்தையும் கழற்றி உள்ளே பார்க்கச் சொன்னார். பார்த்தார்கள். கிளாரினெட்காரர் அன்று வீட்டுக்குப் போகாமல் நேராக டாக்டரிடம் போனாராம். பேண்டில் இப்போது யாரும் அவரைத் தம்கட்டி என்று கூப்பிடுவதில்லை. வழியில் பார்த்தால் மாஸ்டர்கூட, "எப்படி சார் இருக்கீங்க" என்கிறார். அந்த சார் அவருக்குப் பொறுக்கவில்லை.

பணிமனையில் ஸ்டோரிலிருந்து மாற்றி மேசை வேலை கொடுத்தார்கள். காலையில் மெதுவாக நடக்கிறார். மழை பெய்தால் மனைவி சன்னல் மூலைகளைத் துடைக்கிறாள். ஈரத்துணியை அறைக்குள் காயப்போடுவதில்லை. மாத்திரையை ஒருநாளும் மறப்பதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழாயில் ஊதச் சொல்லி மூச்சை அளக்கிறார்கள். கூடவில்லை, குறையவுமில்லை. குறையாமல் இருப்பதே பெரிய விஷயம் என்கிறார் டாக்டர்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். அவர் முட்டிக்கும் இவர் மூச்சுக்கும் இரண்டு மாடி அதிகம் என்பதால் கீழே பெட்டிக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார்கள். விற்ற வீட்டைப் பற்றி ஒருநாளும் பேச்சு வந்ததில்லை. வாங்கியவர் அதை இடித்துவிட்டு ஏதோ கடை கட்டுவதாகக் கேள்வி. தம்கட்டி அந்தத் தெரு வழியாகப் போகும் பேருந்தில் ஏறுவதில்லை.

அண்ணி மட்டும் இன்னும் முழுதாக ஒட்டவில்லை. முன்பெல்லாம் தம்கட்டியின் மனைவியை வாடி போடி என்றுதான் கூப்பிடுவார், அதட்டும்போதும் அப்படித்தான், கொஞ்சும்போதும் அப்படித்தான். இவர்கள் மகள் வீட்டுக்குப் போன அன்று, "வாங்க, உட்காருங்க" என்றார். அன்றிலிருந்து அந்த வாங்க, போங்க மாறவில்லை. மனைவி வீட்டுக்கு வந்து அதற்காகத்தான் அழுதாள். போன வாரம் போனில் அண்ணி, "என்னடி" என்று ஆரம்பித்துவிட்டு, நிறுத்தி, "என்ன பண்றீங்க" என்று மாற்றிக்கொண்டாராம். மனைவி அதை அவரிடம் அன்று இரண்டு தடவை சொன்னாள்.